பீரோவுல கிடைச்ச யாஷிகா ஓடுமா, இல்ல புதுசு வாங்கணுமா

தம்பி, நீ கேட்டதை முதல்ல ஒரு தடவ சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியட்டும். அப்பாவோட பீரோவுல யாஷிகா எம்எஃப்-2 சூப்பர் ஒன்னு கிடைச்சிருக்கு, செல்லு போடற எடத்துல பச்சை பிடிச்சிருக்கு, இது ஓடுமா, இல்ல ஆன்லைன்ல விக்கறாங்களே புது பிளாஸ்டிக் ஃபிலிம் கேமரா அத வாங்கலாமா, இல்ல காசு சேத்து வெச்சு ஒலிம்பஸ் மியூ-2 மாதிரி பெரிய ஐட்டமா போயிடலாமா. இதானே?

பதில்: பீரோவுல இருக்கறதையே எடு. ஏன்னு சொல்ல கொஞ்சம் நீளமா பேசணும், டீ போட்டுட்டு வந்து உக்காரு.

நான் 1995ல இருந்து 2006 வரைக்கும் திருச்சியில ஒரு கலர் லேப்ல வேலை பாத்தேன். முதல்ல கவுண்டர், அப்புறம் பிரிண்டிங் மெஷின். கேமராவைப் பத்தி நான் கத்துகிட்டது முக்காவாசி கேமராவ கையில பிடிச்சு இல்ல, ஊரே எடுத்துட்டு வந்த நெகட்டிவ பாத்து. சமயபுரத்துல மொட்டை, கொடைக்கானல் ஹனிமூன், காதுகுத்து, காலேஜ் டூர், பக்கத்து வீட்டு அக்கா சீமந்தம், எல்லாம் எங்க மெஷின் வழியாத்தான் போச்சு. அதுல பெரும்பாலானது சாதா கேமரா. யாஷிகா எம்எஃப்-2 இல்லாத தெரு கிடையாது, துபாய்ல இருந்து வந்த மாமா கொண்டாந்தது, பர்மா பஜார்ல வாங்கினது. அப்புறம் கோடாக் கேபி-10 வந்துச்சு, அது இன்னும் சாதா. அதுக்கு முன்னாடி 80கள்ல ஹாட் ஷாட், அதுல போடற 110 ஃபிலிம் நம்ம சுண்டு விரல் அகலம்தான் இருக்கும், அத பெருசா பிரிண்ட் போட சொன்னா எங்களுக்கே பாவமா இருக்கும்.

ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு ஒன்னு இல்ல ரெண்டு ரோல், அவ்ளோதான். ஒரே ரோல்ல பொங்கல்ல ஆரம்பிச்சு தீபாவளியில முடியும். முதல் ஃபிரேம்ல தவழ்ந்த குழந்தை கடைசி ஃபிரேம்ல நடக்கும். ரோல முடிக்கணுமேன்னு கடைசி மூணு நாலு ஃபிரேம்ல சைக்கிள், ரோஜா செடி, டிவி மேல வெச்ச பொம்மை இதெல்லாம் இருக்கும். இப்ப யோசிச்சா அந்த மூணு நாலுதான் நல்லா இருந்துச்சோன்னு தோணுது, யாரும் வெறப்பா நிக்கல அதுல.

சரி விஷயத்துக்கு வர்றேன். ஒரே மாடல் கேமரால எடுத்த ரெண்டு வீட்டு ரோல் அடுத்தடுத்து மெஷின்ல போகும், ஒன்னு கண்ணாடி மாதிரி வரும், இன்னொன்னு சேறு மாதிரி வரும். கேமரா ஒன்னுதான், லென்ஸ் ஒன்னுதான். அப்ப எங்க வித்தியாசம்னா மூணு இடத்துல: எந்த ரோல் போட்டாங்க, எவ்ளோ தூரத்துல நின்னாங்க, வெளிச்சம் எங்க இருந்துச்சு. சாதா கேமரால மத்த எதையும் நீ முடிவு பண்ணவே முடியாது, கம்பெனிக்காரன் எல்லாத்தையும் முன்னாடியே முடிவு பண்ணி பூட்டி வெச்சிட்டான்.

இத ஒரு கணக்கு போட்டு காட்டறேன். நீ பாத்த புது பிளாஸ்டிக் கேமரால கோடாக் எம்35 ஒன்னு. 31 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 10 (வெளிச்சம் போற ஓட்டையோட அளவு, நம்பர் கூடினா ஓட்டை சின்னது), ஷட்டர் செகண்டுல 120ல ஒரு பங்கு. வெயில் அடிச்சாலும் இதான், மழை பெஞ்சாலும் இதான், மாத்தவே முடியாது. ஐஎஸ்ஓன்னா ஃபிலிமோட வேகம், நம்பர் கூடினா கம்மி வெளிச்சமே போதும்; 100, 200, 400 ரோல்னு சொல்றது இததான். உச்சி வெயில்ல 200 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு சரியான அளவு எஃப் 16ல 200ல ஒரு பங்கு. அப்ப இந்த கேமரா வெயில்ல தேவைக்கு நாலு மடங்கு வெளிச்சத்த உள்ள விடுது. பயந்துடாத, கலர் நெகட்டிவ் அத தாங்கிக்கும், நெகட்டிவ் கொஞ்சம் கருப்பா தடிமனா இருக்கும், பிரிண்ட்ல ஒன்னும் தெரியாது. மேகமூட்டத்துக்கு கரெக்டா வந்துடும். ஆனா மரத்தடி நிழலுக்கு போனா அதே 200க்கு பத்தாது, அங்க 400 வேணும். வீட்டுக்குள்ள டியூப்லைட்? நம்ம கண்ணுக்குத்தான் வெளிச்சம், அந்த கேமராவுக்கு அது அமாவாசை. ஃபிளாஷ் போட்டே ஆகணும்.

அதனாலதான் சாதா கேமராவுக்கு கண்ண மூடிட்டு 400 போடுன்னு சொல்வேன். கலர் நெகட்டிவ் ஃபிலிம் இருக்கே, அதுக்கு வெளிச்சம் அதிகமானா பொறுத்துக்கும், கம்மியானா பொறுக்காது. நம்ம ஆளுங்க அப்ப பண்ணது நேர்மாறு, 100 ரோல் பத்து ரூபா கம்மின்னு அத வாங்கிட்டு போய் கல்யாண மண்டபத்துல எடுப்பாங்க. மெஷின்ல உக்காந்து டென்சிட்டி பட்டனை எவ்ளோ அமுக்கினாலும் கருப்பு வராது, புழுதி மாதிரி ஒரு சாம்பல் கலர்தான் வரும், கேட்டா "லேப் சரியில்ல"ம்பாங்க.

ஃபிளாஷ பத்தியும் சொல்லணும். இத்தனூண்டு ஃபிளாஷ் 100 ஃபிலிம்ல பத்தடி போனா பெருசு. தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிடும், அதான் கணக்கு. 400 போட்டா அதே ஃபிளாஷ் ரெண்டு மடங்கு தூரம் எட்டும், இதுக்காகவும்தான் 400. மண்டபத்துல பன்னெண்டாவது வரிசையில உக்காந்துகிட்டு மேடையில இருக்கற மாப்பிள்ளைய ஃபிளாஷ் போட்டு எடுப்பாங்க பாரு, நெகட்டிவ்ல முன் வரிசைக்காரர் வழுக்கை மட்டும் பிரகாசமா இருக்கும், மாப்பிள்ளை பொண்ணு எல்லாம் இருட்டுல. மாசத்துக்கு பத்து ரோலாவது அப்படி வரும். அப்புறம் அந்த சின்ன லைட்டு எரிஞ்ச உடனே பட்டனை அமுக்காத, இன்னும் ரெண்டு மூணு செகண்ட் பொறுத்து அமுக்கு, எரியும்போது முழுசா சார்ஜ் ஆகியிருக்காது. செல்லு பழசானா இன்னும் லேட் ஆகும்.

தூரம். உன் யாஷிகால 38 மில்லிமீட்டர் எஃப் 3.8 லென்ஸ், ஃபோகஸ் மாத்தற வேலையே கிடையாது. அதனால ரொம்ப பக்கத்துல போகாத. நாலடிக்குள்ள போனா மூஞ்சி மங்கிடும், பின்னாடி இருக்கற காலண்டர் தெளிவா இருக்கும். ஆறுலேருந்து பத்தடி, ரெண்டு ஆள் ஒருத்தர ஒருத்தர் கை நீட்டினா தொட முடியாத தூரம், அதான் இந்த கேமராவோட வீடு. இன்னொன்னு, நீ பாக்கற ஓட்டை வேற, லென்ஸ் வேற. பக்கத்துல போக போக ரெண்டும் வேற வேற இடத்த பாக்கும், அப்பதான் தலை வெட்டுப்படறது. ஃபேமிலி ஆல்பத்துல தாத்தாவுக்கு நெத்திக்கு மேல ஒன்னுமே இல்லாம இருக்கும் பாரு, அது எடுத்தவன் தப்பு முழுசா இல்ல. விரல் விழுந்ததுக்கு மட்டும் எந்த சாக்கும் கிடையாது.

இப்ப உன் கேமராவ பாப்போம். பச்சை பிடிச்சிருக்குன்னா பழைய செல்லு உள்ளயே இருந்து ஒழுகியிருக்கு. காது குடையற பட்ஸ்ல எலுமிச்சம்பழ சாறோ வினிகரோ தொட்டு அந்த தகட்டுல தேய், நுரை கூட வரும், போனதும் சுத்தமான துணியால துடைச்சு ஸ்பிரிட் தொட்டு இன்னொரு தடவ துடை. சொட்டு உள்ள இறங்கக் கூடாது. தகடு பளபளன்னு தெரிஞ்சா ரெண்டு புது பென்சில் செல் போட்டு ஃபிளாஷ தூக்கு, கொய்ய்ய்னு ஒரு சத்தம் வந்தா பாதி கிணறு தாண்டியாச்சு. வரலன்னா ஸ்க்ரூ டிரைவர எடுத்துட்டு கிளம்பிடாத! ஃபிளாஷ் கண்டென்சர்ல 300 வோல்ட் வரைக்கும் நிக்கும், செல்ல கழட்டின பிறகும் நிக்கும். எங்க லேப்ல ஒரு பையன் யூஸ் அண்ட் த்ரோ கேமரால இருந்து ரோல எடுக்கும்போது வாங்கினான் ஒரு அடி, டீ கிளாஸ் எங்க பறந்துச்சுன்னே தெரியல.

ஃபிளாஷ் ஓடலன்னாலும் பரவால்ல, பகல்ல எடுக்கலாம். ஷட்டர் பாக்கறதுக்கு பின் கதவ திறந்து, லென்ஸ் வழியா ஜன்னல பாத்துகிட்டு பட்டனை அமுக்கு, ஒரு மின்னல் மாதிரி வெளிச்சம் தெரியணும். இங்கதான் நிறைய பேர் ஏமாந்து நல்ல கேமராவ காயலான் கடைக்கு போடறது: நிறைய பிளாஸ்டிக் மாடல்ல ஃபிலிம் இல்லாம எவ்ளோ சுத்தினாலும் ஷட்டர் ஏறாது, ஃபிலிமோட ஓட்டைய பிடிச்சுகிட்டு சுத்தற ஒரு பல்சக்கரம் இருக்கும், அது சுத்தினாத்தான் ஏறும். அத விரலால தள்ளி சுத்தி விட்டு அப்புறம் அமுக்கி பாரு.

அடுத்து கதவு ஓரத்துல கருப்பா ஸ்பாஞ்ச் இருக்கும், இருபது முப்பது வருஷத்துல தார் மாதிரி பிசுபிசுன்னு ஆயிடும். அது போனா ஓரத்துல வெளிச்சம் உள்ள பூந்து படத்துல செவப்பு, ஆரஞ்சு கோடா வரும். பல்குத்தற குச்சியில ஸ்பிரிட் துணி சுத்தி சுரண்டி எடுத்துட்டு அந்த பள்ளத்துல கருப்பு உல்லன் நூல ஒட்டிடு. ஃபாரின்ல கிட்டு கிட்டா விக்கறான் இதுக்கு, நூலே போதும். லென்ஸ்ல டார்ச் அடிச்சு பாரு, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, நம்ம ஊரு ஈரத்துல பீரோவுக்குள்ள தோல் உறையோட வெச்சா வரத்தான் செய்யும். கொஞ்சமா இருந்தா விடு, படம் லேசா பனி போட்ட மாதிரி இருக்கும், அவ்ளோதான்.

ரோல் போடறது. இதான் நான் அழுத இடம். 1999ல எங்க அண்ணன் நிச்சயதார்த்தம், லேப்ல வேலை பாக்கற பொண்ணு ஆச்சேன்னு என் கையில கேமராவ கொடுத்துட்டாங்க. அவசரத்துல ஃபிலிமோட நாக்க, அதான் ரோல்ல வெளிய நீட்டிட்டு இருக்கற முனைய, சரியா சொருகல. 36 தாண்டியும் எடுத்துகிட்டே இருக்கேன், 38, 39, 40, ஆஹா எக்ஸ்ட்ரா கிடைக்குதுன்னு சந்தோஷம் வேற. மறுநாள் நானே கழுவறேன், கண்ணாடி மாதிரி வெறும் ஃபிலிம் வருது. அண்ணி இன்னைக்கும் சொல்லி காட்டுவாங்க. அதனால கதவ மூடினதும் ரீவைண்ட் கைப்பிடிய லேசா திருப்பி தொய்வ இழுத்துக்கோ, அப்புறம் ஃபிலிம சுத்தும்போது அந்த கைப்பிடியும் தானா சுத்துதான்னு பாரு. சுத்தினா ஃபிலிம் நகருது. சுத்தலன்னா நீயும் என் கட்சி.

மோட்டார் வெச்ச ஆட்டோமேட்டிக் கேமராக்கு இந்த கவலை இல்ல, ஆனா அதுக்கு வேற கவலை. மியூ-2 நல்ல கேமராதான், 1997ல வந்தது, 35 மில்லிமீட்டர் எஃப் 2.8 லென்ஸ், எங்க லேப்ல அந்த நெகட்டிவ் வந்தா தனியா தெரியும், தெளிவுன்னா தெளிவு. ஆனா அது அப்ப ஒரு சாதாரண வீட்டு கேமரா விலைதான். இப்ப கேக்கற விலைக்கு காரணம் லென்ஸ் இல்ல, ஆசை. கான்டாக்ஸ் டி2ன்னு ஒரு ஃபிலிம் கேமராவ 2017ல அமெரிக்க மாடல் கெண்டல் ஜென்னர் டிவில காட்டினதும் விலை எங்கயோ போச்சு, அந்த காத்து சின்ன கேமரா வரைக்கும் அடிச்சிடுச்சு. அத விட பெரிய பிரச்சனை, உள்ள முழுக்க எலக்ட்ரானிக்ஸ், காகிதம் மாதிரி ஒரு ஒயர் ஒடிஞ்சா ஸ்பேர் கிடையாது, நேத்து ஓடினது இன்னைக்கு கல்லு. பெரிய தொகைய அதுல போட வேண்டாம்னு சொல்றது அதுக்குத்தான்.

கொஞ்சம் செலவு பண்ணியே ஆகணும்னா ஒலிம்பஸ் ட்ரிப் 35 தேடு. 1967ல இருந்து 1984 வரைக்கும் போட்டாங்க, செல்லே வேண்டாம், லென்ஸ சுத்தி இருக்கற செலினியம் தகடே வெளிச்சத்த அளந்துக்கும். வாங்கும்போது கையால லென்ஸ முழுசா மூடிட்டு பட்டனை அமுக்கு, வியூஃபைண்டர்ல செவப்பு கொடி எழும்பி ஷட்டர் அமுங்க மாட்டேன்னு சொல்லணும். வெளிச்சத்துல காட்டி அமுக்கினா அமுங்கணும். ரெண்டும் சரியா நடந்தா தாராளமா வாங்கு.

புது பிளாஸ்டிக் கேமராவையும் நான் திட்டல. பழசுல என்ன கோளாறுன்னு பயம் இருக்கறவங்களுக்கு அது ஓகே. அரை ஃபிரேம் மாடல் கோடாக் எக்டார் எச்35ன்னு 2022ல வந்துச்சு, 36 ரோல்ல 72 படம், இப்ப ரோல் விக்கற விலைக்கு அது ஒரு நியாயமான யோசனை. ஆனா 72 முடிக்கறதுக்குள்ள உனக்கு கல்யாணமே ஆயிடும்.

ரோல்ல ரெண்டு எச்சரிக்கை. ஒன்னு, எக்ஸ்பயரி ஆன ரோல் சீப்பா கிடைக்குதுன்னு வாங்காத. பழைய ஃபிலிமுக்கு பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கு, வெளிச்சம் கூட்டி கொடுக்கணும்னு ஒரு கணக்கு சொல்வாங்க, எஃப் நம்பரும் ஷட்டரும் பூட்டின கேமரால எங்கேருந்து கொடுப்ப? ரெண்டு, சினிமா ஃபிலிம வெட்டி சுத்தி விக்கற ரோல். கலர் நல்லாத்தான் இருக்கும், ஆனா நிறைய ரோல்ல முதுகுல கருப்பா ஒரு கரி பூச்சு இருக்கும், அத சாதா கலர் ரோல் கழுவற சி-41 மெஷின்ல விட்டா பூச்சு கரைஞ்சு மத்தவங்க ரோல்லயும் ஒட்டிக்கும். லேப்ல முன்னாடியே சொல்லிடு, சொல்லாம கொடுக்கறது பாவம். அந்த மாதிரி ரோல் டப்பா மேல கேமராவுக்கு ஐஎஸ்ஓவ சொல்ற, வெள்ளி கட்டம் போட்ட டிஎக்ஸ் கோடும் இருக்காது, ஆட்டோமேட்டிக் கேமரா நிறைய 100ன்னு நினைச்சுக்கும். உன் யாஷிகால நீயே ஏஎஸ்ஏ நம்பர (ஐஎஸ்ஓவோட பழைய பேரு) வெக்கறதால அந்த தொல்லை இல்ல, ரோல் மாத்தினா நம்பர மாத்த மறக்காத, அவ்ளோதான்.

நம்ம ஊட்டியிலயே 1960ல ஆரம்பிச்ச இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இருந்துச்சு, இந்துன்னு பேர் போட்ட பிளாக் அண்ட் வைட் ரோல், ஸ்டூடியோக்காரங்க எல்லாம் வாங்குவாங்க. இப்ப அதுவும் இல்ல, எல்லாம் வெளிநாட்டு சரக்கு. கேமரா இனாமா கிடைச்சாலும் ரோலு, கழுவற கூலி, ஸ்கேன் எல்லாம் சேத்தா மூணாவது ரோல்ல உனக்கு கை கடிக்கும், அத இப்பவே சொல்லிடறேன். கார் டேஷ்போர்டுல மட்டும் ரோல வெக்காத. ஏர்போர்ட் போனா எக்ஸ்ரே பெட்டியில விடாம கையில கொடுத்து பாக்க சொல்லி கேளு, புது சிடி (CT) ஸ்கேனர் ஃபிலிம கெடுத்துடும்.

கழுவி வந்ததும் ஸ்கேன் மட்டும் வாங்கிட்டு வந்துடாத, நெகட்டிவ கேட்டு வாங்கு. படம் சரியா வரலன்னா காரணம் நெகட்டிவ்லதான் எழுதியிருக்கும். ஃபிலிம் ஓரத்துல சின்னதா நம்பரும் கம்பெனி பேரும் இருக்கும், அது ஃபேக்டரியிலயே பதிஞ்சது, கழுவினாத்தான் தெரியும். படம் ஒன்னும் இல்லாம வெறுமையா இருந்து ஓரத்துல நம்பர் மட்டும் தெரிஞ்சா லேப் மேல தப்பு இல்ல, ஃபிலிம் நகரல இல்லன்னா ஷட்டர் திறக்கல. நம்பரும் இல்லன்னா கழுவினதுல கோளாறு, தைரியமா போய் சண்டை போடு. முழுசும் கருப்பா இருந்தா கதவு திறந்திருக்கு. ஃபிரேம் மேல ஃபிரேம் ஏறியிருந்தா சுத்தற பல்லு வழுக்குது. எங்க கவுண்டர்ல நான் இத எடுத்து காட்டினா பாதி சண்டை அங்கயே முடிஞ்சிடும், மீதி பாதிக்கு முதலாளிய கூப்பிடுவேன்.

முதல் ரோல் 400, 24 ஃபிரேம் கிடைச்சா அதே போதும். காலையில ஒரு எட்டு ஃபிரேம் வெயில்ல, எட்டு நிழல்ல, மீதி வீட்டுக்குள்ள ஆறடியில ஃபிளாஷ் போட்டு. எத்தனை அடியில நின்னன்னு ஒரு துண்டு சீட்டுல எழுதி வெச்சுக்கோ. அப்பாவ ரெண்டு எடு, அவரு கேமராவாச்சே. கழுவி வந்ததும் நெகட்டிவ ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு, ஓரத்து நம்பரு தெரியற மாதிரி. அத பாத்துட்டு மீதிய சொல்றேன்.